இரண்டு இலக்கக் கணக்கு

பொருள் தேடி மும்பை வந்த குடும்பங்களுக்குச் சேமிப்பு என்பது வெறும் பணமன்று. ஊரில் ஒரு வீடு, மகளின் திருமணம், முதுமையில் பிறர் கையை எதிர்பாராத சோறு ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். அத்தகைய சேமிப்பில் ஒரு பகுதியை 1999ஆம் ஆண்டில் பங்குச் சந்தையில் இட்டோம், மாட்டுங்காவில் ஒரே கட்டடத்தில் வாழ்ந்த நான்கு குடும்பத்தினர் நாங்கள்.

அந்நாளில் எங்கும் 'ஒய்-டூ-கே' என்பதே பேச்சு. கணிப்பொறி நினைவகம் விலை மிகுந்திருந்த 1960களிலும் 1970களிலும் நிரல் எழுதியோர், ஆண்டைக் குறிக்க இறுதி இரண்டு இலக்கங்களே போதும் எனக் கொண்டனர். 1975 என்பது 75 ஆயிற்று. 2000 பிறந்தால் அது 00 ஆகும். கணிப்பொறியோ அதனை 1900 எனக் கருதக்கூடும். வட்டியும் ஓய்வூதியமும் காப்புறுதியும் தடுமாறும். பழைய கோபோல் நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்த ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டனர். அப்பணி பெங்களூருக்கும் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் வந்தது.

1993இல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட இன்ஃபோசிஸ், 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. அப்புகழின் நிழலில், இத்திருத்தப் பணியையே நம்பியிருந்த வேறொரு சிறு நிறுவனத்தின் பங்குகளை நாங்கள் வாங்கினோம். விலை ஏறிற்று. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்" என்றார் எங்களுள் மூத்தவர். மேலும் வாங்கினோம்.

2000 சனவரி முதல் நாள் வந்தது. சிற்சில தடுமாற்றங்கள் நீங்கலாக, உலகம் வழக்கம்போல் இயங்கிற்று. பிப்ரவரியில் சென்செக்ஸ் 6,000 புள்ளிகளைத் தொட்டது; 2001 செப்டம்பரில் 2,600 அளவுக்கு வீழ்ந்தது. அதற்குள் எங்கள் பங்குகள் கேட்பாரற்றுப் போயின. மகளின் திருமணத்தை ஓராண்டு தள்ளிவைத்த வீடும் எங்களுள் உண்டு.

"எல்லாம் புரட்டு" என்று சினந்தோம். இரவு பகலாக அப்பணியில் உழைத்த எங்கள் அக்காள் மகன் அமைதியாகச் சொன்னான்: "கரையை அடைத்ததால்தான் மாமா வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வரவில்லை என்பதற்காக, கரை அடைத்ததே பொய் என்று சொல்லலாமா?"

சிந்தித்தோம். பணி பொய்யன்று, எங்கள் கணக்கே பிழை. கரை அடைத்த மறுநாள் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. முடியும் நாளைத் தன் பெயரிலேயே தாங்கி நின்ற தொழில் அது. பெரிய நிறுவனங்கள் அதனை ஒரு வாயிலாகக் கொண்டு அயல்நாட்டு வாடிக்கையாளரைப் பெற்றன. பின்னர் வேறு பணிகளுக்கு நகர்ந்தன. நாங்கள் நம்பிய நிறுவனமோ வாயிலோடு நின்றுவிட்டது. அன்றைய நிரலாளரை எள்ளி நகைத்த நாங்களும் இரண்டு இலக்கத்தில்தான் எண்ணியிருந்தோம். 99க்கு அப்பால் எங்கள் கணக்கிலும் ஆண்டு இல்லை.

இன்று எங்கள் பிள்ளைகள் கைபேசியிலேயே பங்கு வாங்குகின்றனர். வாங்கவேண்டா என்று நாங்கள் சொல்வதில்லை. இன்றைய தேவை தீர்ந்த மறுநாள் இந்நிறுவனம் எதனை விற்கும் என்று ஒருமுறை கேட்டபின் வாங்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அக்கேள்விக்கு நாங்கள் கொடுத்த விலை சிறிதன்று.