உளுந்தூர்பேட்டையில் ஒரு மணி நேரம்

ராத்திரி பத்தரை மணிக்கு, உளுந்தூர்பேட்டை பைபாஸில், ஓர் ஓட்டலின் பின்பக்கம், பாத்ரூமுக்கும் ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் நடுவே கைலி கட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? நான் நின்றேன்.

கார் மச்சினனுடையது. எலெக்ட்ரிக். "திருச்சியில கொண்டு வந்து விட்டுடுங்க மாமா, பெட்ரோல் செலவே கிடையாது" என்றான். வாஸ்தவம். ஆனால் பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிஷ வேலை. பளிச்சென்று விளக்கு, நாலு பையன்கள், பக்கத்தில் டீக்கடை. சார்ஜ் போடும் பெட்டியை மட்டும் எங்கே இடம் மிச்சமோ அங்கே வைத்துவிடுகிறார்கள். இங்கே அரை உயிருடன் ஒரு டியூப்லைட். இரண்டு 'கன்'களில் ஒன்றின்மேல் பாலிதீன் பையைச் சுற்றி, 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது.

பாட்டரி 30 யூனிட். நான் வந்து சேர்ந்தபோது 14 சதவீதம். 80 வரை ஏற சுமார் 50 நிமிஷம். அதற்கு மேல் பாட்டரி, மூன்றாவது தடவை பாயசம் ஊற்றப்பட்ட சம்பந்தி மாதிரி. வாங்கிக்கொள்ளும், ஆனால் மெதுவாக. பாட்டரி கெடாமலிருக்கக் காரே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது தெரிந்தும், 'காசு கொடுக்கிறோம், முழுசா ரொப்பிடுவோமே' என்று கொட்டாவி விட்டபடி உலாத்தினேன். (ரேஷன் கடை வாசலில் வளர்ந்த ஜன்மம்.)

அப்போது இன்னொரு கார் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். பின்சீட்டில் தூங்கும் குழந்தை. அவர் இறங்கவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை.

பாவம், உதவுவோமே என்று கையில் டார்ச்சுடன் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கியது. "என்ன வேணும்?" குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வலது கை ஹாரன்மேல் இருந்தது. அதே கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். மூன்று நாள் தாடி, மடித்துக் கட்டிய கைலி, டார்ச். சத்தியமாக, நானாக இருந்தாலும் ஹாரனில் கை வைத்திருப்பேன்.

'பயப்படாதீங்கம்மா' என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்கிறவன்தான் முதலில் பயப்படவேண்டிய ஆசாமி. பத்தடி பின்னால் வந்து, டார்ச்சை அணைத்து, "எனக்கு முடிஞ்சிருச்சுங்க, வண்டியை எடுத்துடறேன்" என்று உரக்கச் சொன்னேன். நேரே முன்பக்கம் போய் வாட்ச்மேன் தாத்தாவை எழுப்பினேன். வராந்தா ஃபோகஸ் லைட்டைப் போட்டுவிட்டு அவர் ஸ்டூலும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

மீட்டர் 82. திருச்சிக்கு இன்னும் 130 கிலோமீட்டர் சொச்சம், தாராளமாகப் போதும். சார்ஜை நிறுத்தினேன். அதை நிறுத்திப் பூட்டை விடுவிக்காமல் 'கன்'னைப் பிடுங்க முடியாது. கார்க்காரர் பூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டால், வண்டி நிறைந்த பிறகும் அடுத்தவர் தேவுடு காக்கவேண்டியதுதான். சிலர் போன் நம்பரை எழுதிக் கண்ணாடியில் வைக்கிறார்கள். நல்ல பழக்கம், ஆண்களுக்கு. ஒரு பெண் தன் நம்பரை நெடுஞ்சாலையில் காட்சிக்கு வைக்கமுடியுமா? 'பதினொன்றே காலுக்கு எடுத்துவிடுவேன்' என்று சீட்டு வைத்தாலோ, வாட்ச்மேனிடம் சொல்லிப் போனாலோ போதாதா?

கேபிளைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்டினேன். மண்ணில் கிடந்து, ஏதாவது வண்டி ஏறி 'கன்' உடைந்தால், அதற்கும் ஒரு பாலிதீன் பை வந்துவிடும்.

நான் ஒதுங்கியதும் அந்தப் பெண் வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்தார், முன்பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி. இறங்கினார், 'கன்'னை மாட்டினார், உடனே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். பல ராத்திரிப் பழக்கம் என்று தெரிந்தது. சார்ஜ் ஏறும்போது கார் நகராது, அவசரமென்றால் இறங்கிக் கழற்றத்தான் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்த ஒரு மணி நேரமும் கொசுவை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊருக்காம்?" என்று தாத்தாவைக் கேட்டேன்.

"சேலம் ரோட்ல போவணுமாம். நீ கெளம்பு தம்பி, நான் இருக்கேன்" என்றார்.

வெளியேறும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தினேன். அந்தக் காரின் உள்விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. நன்றியா, குழந்தைக்குத் தண்ணீர் எடுத்தாரா, தெரியவில்லை.

திருச்சியில் இதை முழுக்கச் சொல்லி முடித்தேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கைலியோடவா போய்க் கண்ணாடியைத் தட்டினீங்க?"