டிரெஸ்டன்: மிஞ்சிய கண்கள்

சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே நதிக்கரையில், ஆல்பர்ட் பாலத்தருகே பழைய பொருள் சந்தை கூடுகிறது. பீங்கான் தட்டுகள், கிழக்கு ஜெர்மனி காலத்துப் பதக்கங்கள், பாட்டி வீட்டுச் சுவர்க் கடிகாரங்கள். விஷயம் தெரிந்தவர்கள் தேடுவது பழைய கேமராக்கள் கிடக்கும் மேசையை. அவர்களும் கேமராவை வாங்க வந்தவர்கள் அல்ல. அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ்தான் வேண்டும்.

கேமராவின் பெயர் பென்டகான் சிக்ஸ். பிறந்தது இதே ஊரில். பார்வைக்குச் சாதாரண 35 மி.மீ. கேமரா மாதிரியே இருக்கும், ஆனால் பயில்வான் உடம்பு. ஏறத்தாழ 6 செ.மீ. சதுரத்தில் படம் எடுக்கும். 1956இல் பிராக்டிசிக்ஸ் என்று வந்தது, 1966இல் பெயர் மாறியது. லென்ஸ்கள் யெனா நகரத்து கார்ல் ஸெய்ஸ் தயாரிப்பு. கேமராவுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. ஃபிலிமைச் சரியான அளவு நகர்த்தாது. ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தின் மேல் ஏறிவிடும். கல்யாணத்தில் மாப்பிள்ளை தோள்மீது மாமனார் முளைத்தால் போட்டோகிராபர் கதி என்ன? லென்ஸ்களைப் பற்றி அப்படி யாரும் குறை சொன்னதில்லை.

நகரின் கிழக்கே ஸ்ட்ரீசன் பகுதியில் எர்னெமான் கோபுரம் நிற்கிறது. பென்டகான் நிறுவனத்தின் சின்னமே இந்தக் கோபுரம்தான். 1990 அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் இணைந்த கையோடு நிறுவனத்தை மூட முடிவாயிற்று. சந்தை திறந்ததும் ஜப்பானிய கேமராக்களோடு மோத வேண்டிய நிலை; விற்கும் விலை தயாரிப்புச் செலவுக்கே போதவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இன்று கோபுரக் கட்டடம் தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கே கேமராக்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓய்வெடுக்கின்றன. லென்ஸ்களுக்கோ இன்னும் வேலை இருக்கிறது.

காரணம், அடாப்டர் என்ற வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. பென்டகான் சிக்ஸில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 74.1 மி.மீ. தூரம். நிக்கான் கேமராவில் இது 46.5 மி.மீ. மிச்சமுள்ள 27.6 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாயைச் செருகினால் போதும், தூரத்து மலைகூடத் தெளிவாக விழும். இப்போதைய கண்ணாடியில்லா டிஜிட்டல் கேமராக்களில் தூரம் இன்னும் குறைவு, குழாய் அதற்கேற்ப நீளம். தலைகீழாக இது நடக்காது: சின்ன கேமரா லென்ஸைப் பெரியதில் மாட்டினால் தொலைவில் ஃபோகஸ் ஆகாது, படத்தின் மூலைகளும் இருண்டுவிடும். பென்டகான் நிறுவனமே தன் 35 மி.மீ. கேமராக்களுக்கு இப்படி அடாப்டர் செய்து விற்றது. எல்லாம் அன்றே யோசித்த தந்திரம்தான்.

180 மி.மீ. ஸோனார் லென்ஸின் கதை இன்னும் சுவாரசியம். 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்காக சிறிய கான்டாக்ஸ் கேமராவுக்கென வந்தது. 'ஒலிம்பியா ஸோனார்' என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பெரிய கேமராவுக்காக மாற்றி அமைக்கப்பட்டது. இப்போது அடாப்டர் வழியாக மறுபடி சின்ன கேமராவுக்கே திரும்பியிருக்கிறது. எடை ஒரு கிலோவுக்கு மேல். கேமராவைப் பிடிக்காமல் லென்ஸைத் தாங்கிப் பிடிப்பதே உத்தமம்.

லாபம் என்ன? பெரிய லென்ஸ் என்றால் படம் அதிகக் கூர்மையாக வரும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். பெரிய நெகடிவை அதிகம் பெருக்க வேண்டியதில்லை என்பதால் அந்த லென்ஸ்களிடம் யாரும் அவ்வளவு நுணுக்கம் கேட்கவில்லை. சின்ன சதுரத்தில் நல்ல 35 மி.மீ. லென்ஸ் சில நேரம் இவற்றை மிஞ்சிவிடும். துளையைக் கையால்தான் மூடித் திறக்க வேண்டும். தலைவாழை இலை விரித்து ஒரு கவளம் பரிமாறிய கதையாக, லென்ஸ் அனுப்பும் வெளிச்சத்தில் பெரும்பகுதி படத்துக்கு வெளியே விழுகிறது. அது கேமராவின் உட்சுவர்களில் பட்டுத் தெறித்துப் படத்தை வெளுக்க வைக்கும். லென்ஸ் முன் நீண்ட மறைப்பு அவசியம்.

ஆனால் வீணாகும் அந்த இலைதான் புகைப்படக்காரர்களுக்கு விருந்து. நகரின் நடுவே நியூமார்க்ட் சதுக்கத்தில் ஃபிராவன்கிர்ஷ தேவாலயம் 91 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து இடிந்து, கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்கக் கற்குவியலாகவே கிடந்து, மீண்டும் கட்டப்பட்டு 2005 அக்டோபர் 30 அன்று திறக்கப்பட்டது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே சேர்ந்து கட்டடம் பின்னால் சாய்கிறது. ஒரு முறை விழுந்த கோயில் மறுபடி விழுவதுபோல் படம் வருவது யாருக்கும் பிடிக்காது.

இங்கே கைகொடுப்பது நகரும் அடாப்டர். 50 மி.மீ. ஃப்ளெக்டோகான் லென்ஸ் சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் பிம்பம் போடுகிறது, 35 மி.மீ. படத்துக்குத் தேவை சுமார் 43 மி.மீ. மட்டும். கேமராவை நேராக வைத்து, திருகைச் சுற்றி லென்ஸைச் சில மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் போதும். தரைக் கற்கள் படத்திலிருந்து விலக, குவிமாடம் இறங்கி வருகிறது. சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. வெளிர் மணற்கற்களுக்கிடையே இடிபாட்டிலிருந்து எடுத்துப் பதித்த கருத்த கற்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றாக.