ஒரு கைபிடிக் கம்பி

எனது தங்கையின் மகன் ரொறன்ரோவில் வசிக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குளிர்காலத்தில் அவன் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் இரவைப் பகலாக்கி வாழ்ந்த ஒருவனுக்கு, மாலை ஐந்து மணிக்கே இருண்டு எட்டு மணிக்கே அடங்கிவிடும் அந்த வீடு ஒத்துவரவில்லை. அதை அவன் கண்டுகொண்டான். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன், "மாமா, வெளிக்கிடுங்கோ. கோச்சி பார்க்கப் போவம்" என்றான்.

கோச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மறுபேச்சின்றி மேலங்கியை மாட்டிக்கொண்டேன். ஆனால், அவன் என்னை அழைத்துச் சென்றது புகையிரத நிலையத்துக்கு அல்ல. ஒரு வீட்டின் நிலவறைக்கு.

சுவரோரமாக நாற்புறமும் இடுப்பளவு உயரத்தில் மரத்தட்டுகள். அவற்றின் மேல் தண்டவாளங்கள், பாலங்கள், காகித ஆலை, தானியக் களஞ்சியம், நிலையம் என ஒரு முழு ஊரே இருந்தது. எல்லாம் உண்மையின் 87 இல் ஒரு பங்கு. எச்.ஓ. அளவு என்று அதனைக் குறிப்பிடுகிறார்கள். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். ஆறு பேர் கூடியிருந்தனர். அவர்களில் நால்வர் ஓய்வுபெற்றவர்கள். எனது மருமகனைத் தவிர மற்றைய ஐவரும் அந்த மண்ணில் பிறந்த கனேடியர்கள்.

அன்று அங்கே ஓடிக்கொண்டிருந்த எந்த எஞ்சினைப் பற்றியும் அவர்கள் பேசவில்லை. இன்னும் வந்து சேராத ஒரு எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதிரி எஞ்சின் உற்பத்தி நிறுவனம் அதனை அறிவித்து இரண்டு வருடங்கள் கடந்திருந்தன. ஆறு பேரும் முற்பதிவு செய்திருந்தனர்.

அது வேகமாகப் பாயும் கடுகதி எஞ்சினாக இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. அது ஒரு ஷண்டிங் எஞ்சின். நிலையத்தின் முற்றத்தில் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் ஒழுங்குபடுத்தும் டீசல் எஞ்சின். பயணிகள் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எஸ்.டபிள்யூ. 1200 ஆர்.எஸ். என்பது அதன் பெயர். ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் 1950 இல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் தொழிற்சாலையில், 1950களின் பிற்பாதியில் கட்டப்பட்டது. கனேடியன் நஷனல், கனேடியன் பசிபிக் ஆகிய இரு பெரும் கம்பனிகளும் அதனை வாங்கின. 1200 குதிரை வலு. எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துக்கள் தொடக்கத்தில் 600 குதிரை வலுவையும் ஒட்டிணைத்த சட்டகத்தையும் குறித்தவை. வலு இரட்டிப்பான பின்னரும் எழுத்துக்கள் மாறவில்லை. முற்றத்தில் மட்டுமன்றிக் கிளைப் பாதைகளிலும் ஓடக்கூடியது என்பதையே ஆர்.எஸ். குறிக்கிறது.

"எத்தனையோ பெரிய எஞ்சின்கள் கடைகளில் கிடைக்கின்றனவே, இந்தச் சிறிய எஞ்சினுக்காக ஏன் இரண்டு வருடக் காத்திருப்பு?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரனின் வாய் சும்மா இராது.

அவர்கள் கோபிக்கவில்லை. ஒருவர் என்னைத் தட்டின் மூலையொன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மூன்று பாதைகள். ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம். மற்றைய இரண்டிலும் மும்மூன்று. மொத்தம் எட்டுப் பெட்டிகள். அவற்றில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து, சீட்டில் விழுந்த வரிசையிலேயே கோத்து நிறுத்தவேண்டும். அலன் ரைட் என்ற பிரித்தானியர் வகுத்த புதிர் இது. கேட்கச் சுலபம். ஆனால், 6720 வரிசைகள் வரக்கூடும். நான் முயன்று பார்த்தேன். அரை மணித்தியாலம் கழிந்தும் என் ரயில் ஒழுங்காகவில்லை. எங்கும் போகாத ஒரு எஞ்சினுக்கு இத்தனை வேலையா என்று வியந்தேன். "போகிற ரயில்களை எல்லாம் போக வைப்பது இதுதான்" என்றார் அவர்.

சிறிய எஞ்சினைச் செய்வதுதான் கடினம் என்பதையும் அன்று அறிந்தேன். உண்மை எஞ்சினின் நீளம் 44 அடிக்குச் சற்று மேல். மாதிரியில் ஆறு அங்குலம். அதன் மூக்குப் பகுதியின் அகலம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அந்த ஒடுங்கிய மூக்கினுள் மோட்டார், பற்சக்கரங்கள், கட்டளைகளைப் பெறும் மின்சுற்று, எஞ்சினின் ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கி, இழுவைக்குத் தேவையான பாரம் ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும். முற்காலத்தில், மோட்டாரை அடக்குவதற்காக மூக்கை அகலமாக்கிய மாதிரிகளும் விற்பனைக்கு வந்ததுண்டு. இன்னொரு சிக்கல், சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்தே மின்சாரத்தைப் பெறுகின்றன. பாதை பிரியும் இடத்தில் நீண்ட எஞ்சின் தடுமாறாது. குட்டை எஞ்சின் நின்றுவிடும். கையால் தொட்டுத் தள்ளவேண்டும். இந்த விளையாட்டில் அதைவிட அவமானம் வேறில்லையாம். அந்தக் கணப்பொழுதுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கியையும் அதே மூக்கினுள்தான் திணிக்கவேண்டும்.

ஆயினும், அந்த முறை தாமதத்துக்குக் காரணம் இவை எதுவுமல்ல. காரணமானவர் அந்த அறையிலேயே அமர்ந்திருந்தார்.

எண்பது வயதைக் கடந்த, உயர்ந்து மெலிந்த மனிதர். லண்டன் தொழிற்சாலையில் இளைஞனாகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே உழைத்தவர். அத்தொழிற்சாலை 2012 இல் மூடப்பட்டுவிட்டது. வர்ணம் பூசாத முதல் மாதிரியின் படங்களை நிறுவனம் வெளியிட்டபோது, அவர் கணினித் திரையில் அவற்றைப் பெருப்பித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வைத்துப் பார்த்திருக்கிறார். எஞ்சினின் ஒரு மூலையில் மூன்று கைபிடிக் கம்பிகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. ஷண்டிங் தொழிலாளி எஞ்சினில் தொற்றிக்கொள்ளும்போது பற்றிப்பிடிக்கும் கம்பிகள் அவை. தொழிற்சாலையில் அவரது முதல் வேலையே துளையிட்டு அக்கம்பிகளைப் பொருத்துவதுதான்.

அவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பழைய படங்களையும் இணைத்தார். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. அச்சைத் திருத்தவேண்டும் என்றும் பல மாதங்கள் மேலும் தாமதமாகும் என்றும் அறிவித்தது.

நண்பர்களுக்கு அவர்மீது மனத்தாங்கல் ஏற்பட்டதாக மருமகன் காரில் திரும்பும்போது சொன்னான். கம்பி குறைந்ததற்காக அல்ல. "மாமா, அவருக்குக் கண் போகுது. விழித்திரை வருத்தம். நடுப்பார்வை கொஞ்சக் காலத்துக்குத்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அது தெரிஞ்சுகொண்டுதான் கடிதம் எழுதினவர். பேசாமல் இருந்திருந்தால் இந்த மாரிக்கே எஞ்சினைப் பார்த்திருப்பார்."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அவரருகே அமர்ந்துகொண்டேன். அவருக்குச் சொல்வதற்கு என்னிடமும் ஒரு செய்தி இருந்தது. ஒன்ராறியோ என்ற சொல்லை நான் முதன்முதலில் வாசித்தது பள்ளிக்கூடப் புத்தகத்தில் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு எஞ்சினின் பக்கத்தில். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்கு வழங்கிய டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. அவையும் அதே லண்டன் தொழிற்சாலையில் பிறந்தவை. ஷண்டிங் எஞ்சினில் இருந்த அதே பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் ஓசையை இன்றும் என் காது மறக்கவில்லை. 1990 இல் எங்கள் பாதை நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது என்பதையும் சொன்னேன்.

"அவை நான் சேருமுன் போனவை" என்றார். பிறகு, "பெயர்ப்பலகை நேராக இருந்ததா?" என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது என்றேன். திருப்தியோடு தலையசைத்தார்.

நான் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரு கம்பிதானே ஐயா, விட்டிருக்கலாமே?"

அவர் உடனே பதிலளிக்கவில்லை. பின்னர், "அந்த எஞ்சின்களைக் கட்டியவர்கள் போய்விடுவோம். எஞ்சின்களும் பழைய இரும்பாகப் போகின்றன. இனிமேல் வருகிறவர்கள் இந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்வார்கள். இரண்டு என்றால் இரண்டு என்றே நம்புவார்கள்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் இளநிருபராக இருந்த காலத்தில் எழுதிய ஒரு விபத்துச் செய்தி நினைவுக்கு வந்தது. இறந்தவனின் பெயருக்குப் பதிலாக அவனது தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். மறுநாள் தகப்பனார் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, மற்றவன் உயிரோடை இருக்கிறான். மாத்திப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னார். நாளைக்குப் போடுகிறோம் என்றேன். மறுநாள் பக்கத்தில் இடமில்லை. அதற்கடுத்த நாள் வேறு செய்திகள். இரண்டே வரித் திருத்தம், அது வெளிவரவேயில்லை. நூலகமொன்றில் பேணப்படும் அந்தப் பழைய இதழில் இன்றும் தம்பிதான் இறந்தவன். செய்தியை முந்தித் தருவதில் பெருமைப்பட்ட எத்தனையோ நாட்கள் எனக்கு உண்டு. அந்த முதியவரின் கம்பிக்கு முன்னால் அவற்றை எண்ணிப்பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நான் ஊர் திரும்பி எட்டு மாதங்களின் பின் மருமகனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "மாமா, சாமான் வந்திட்டுது" என்றான். ஆறு பெட்டிகளும் ஒரே நாளில் வந்தனவாம். ஒருவரும் தங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கிழவரின் பெட்டியையே திறப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். அதற்குள் அவரது நடுப்பார்வை போய்விட்டது. ஓரப்பார்வையில் நிழல்போல உருவங்கள் மட்டுமே தெரிந்தன. எஞ்சினை அவர் கையில் வைத்தார்கள்.

"பிறகு?" என்று கேட்டேன்.

எஞ்சினை அவர் மெதுவாகத் திருப்பி, அந்த மூலையைத் தேடிப் பிடித்தாராம். சுட்டுவிரல் நகத்தால் கீழிருந்து மேலாக வருடினாராம். ஒன்று. இரண்டு. மூன்று.

"சரி, ஓட்டுங்கள்" என்றாராம்.