தாமதத்துக்கு வருந்துகிறோம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடியில் குடியிருக்கும் பையன் வாடகை கொடுக்க இறங்கி வந்தான். போளூர் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நான் அப்போது பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி வைத்து, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறையக் காமிக்ஸ்.

“இதெல்லாம் நீங்களா படிக்கிறீங்க, ஐயா?”

“அறுபத்தெட்டு வயசுல படிக்கக் கூடாதுன்னு சட்டமா தம்பி?”

சிரித்தான். அடுத்த கணமே முகம் வாடிவிட்டது. பணத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை சி ஷிஃப்டில் தூக்கக் கலக்கம். இடது பக்க பிராக்கெட் இருந்த இரண்டு கிரேட்டில் வலது பக்க ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் கிரேட் ஸ்டோருக்குப் போயாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் டிஸ்பேட்ச்.

“சொன்னா மெமோ குடுப்பாங்க. சொல்லலைன்னா ஒருவேளை யாருக்குமே தெரியாமப் போயிடலாம். என்ன பண்றது ஐயா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து அவன் மடியில் வைத்தேன். ஒன்று பழுப்பேறிய நியூஸ்பிரிண்ட் காகிதம், கறுப்பு வெள்ளை, விலை பத்து ரூபாய். மற்றது 2012 ஜனவரியில் வந்த லயன் காமிக்ஸ் கம்பேக் ஸ்பெஷல், விலை நூறு ரூபாய். “இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கதை இருக்கு. கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு” என்றேன்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1972. எனக்குப் பதினைந்து வயது. வல்லம் பக்கம் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அன்று களத்துமேடு. அந்த ஆண்டுதான் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் கதை இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடர் அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. விபத்தில் கையை இழந்த ஒருவனுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில் அதை வாங்கிப் படித்துவிட்டு, பம்ப்செட் கொட்டகையில் ஸ்விட்சைத் தொட்டு மறையப் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டார். அன்று விழுந்த அடிக்கு நிஜமாகவே மறைந்து போயிருக்கலாம்.

ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்றேன். 1984 ஜூலையில் பெட்டிக்கடைக் கொடியில் ஒரே மாதத்தில் இரண்டு புதிய காமிக்ஸ் தொங்கின. ஒன்று ராணி காமிக்ஸ். தினத்தந்தி குழுமத்தின் வெளியீடு, முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் கதை, விலை ஒன்றரை ரூபாய். மற்றது சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் பதினேழு வயதில் தொடங்கிய லயன் காமிக்ஸ். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ராணிக்குப் பின்னால் ஊர் ஊராகப் பேப்பர் கட்டு இறக்கும் பலம் இருந்தது. லயனுக்குப் பின்னால் சிவகாசியும் ஒரு பையனின் ஆசையும். முகமூடி வீரன் ஃபேன்டம் முத்து காமிக்ஸில் வேதாளர், ராணியில் மாயாவி. எந்தப் பெயர் சரி என்று டீக்கடையில் சண்டையே நடக்கும்.

ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-ல் நின்றது. அதைக் குறை சொல்ல மாட்டேன். 500 இதழ் என்பது லேசான காரியம் இல்லை. லயனும் முத்துவும் நிற்கவில்லை, ஆனால் தடுமாறின. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ‘விரைவில்’ என்று விளம்பரம் வரும், இதழ் வராது. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. ஆசிரியர் விஜயனே தன் கையால் எழுதி அச்சடித்த விஷயம் இது.

இங்கேதான் நான் பையனை நிறுத்தினேன். பழைய பத்து ரூபாய் இதழைப் பிரித்து ‘ஹாட்லைன்’ என்ற பக்கத்தைக் காட்டினேன். கதை தொடங்குமுன் ஆசிரியர் வாசகரோடு பேசும் பக்கம். மற்ற பத்திரிகைகளில் அந்த இடத்தில் பெருமை இருக்கும். இங்கே எது தாமதமானது, எந்தக் கதை எடுபடவில்லை, எங்கே தப்பு நடந்தது என்று எல்லாவற்றையும் ஆசிரியரே போட்டு உடைப்பார். பிறகு ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்று தன் அனுபவத் தொடரை எழுதியபோதும் அதே வழக்கம். வாசகன் திட்டுவான், ஆனால் விட்டுவிட்டுப் போக மாட்டான். தன்னிடம் மறைக்காத ஒருவரை விட்டுப் போக மனசு வராது.

‘இரத்தப் படலம்’ இதற்குச் சாட்சி. நினைவை இழந்து கரை ஒதுங்கிய ஒருவன், தோளில் பச்சை குத்திய பதிமூன்று என்ற ரோமன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடும் கதை. வான் ஹாம் எழுதி, வான்ஸ் வரைந்து, லயன் பிறந்த அதே 1984-ல்தான் அதுவும் ஐரோப்பாவில் தொடங்கியது. பதினெட்டு பாகத்தையும் ஒரே புத்தகமாகத் தருகிறேன் என்று அறிவித்தது தள்ளித் தள்ளிப் போய், 2010-ல்தான் வந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள், விலை 200 ரூபாய். முன்பணம் கட்டியவர்கள் காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இனி என் கதை.

2011 ஐப்பசி. ஒரகடம் பக்கம் ஒரு சின்ன வெண்டார் கம்பெனியில் நான் தர ஆய்வாளர். இரவு ஷிஃப்ட். சிஎன்சி மெஷினில் புஷ் என்ற துளையுள்ள உலோக வளையம் ஓடுகிறது. துளையைப் பிளக் கேஜ் போட்டுப் பார்ப்பது என் வேலை. கேஜில் இரண்டு முனை. கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். விடியற்காலை நாலு மணிக்கு எடுத்த புஷ்ஷில் கோ முனை நுழையாமல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன், நுழைந்தது. அழுத்திப் போடுகிற கேஜ் கேஜே இல்லை என்று இருபது வருஷமாகப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். டூல் இன்செர்ட் தேய்ந்து துளை சுருங்கியிருந்தது. இன்செர்ட்டை மாற்றச் சொன்னேன், அடுத்த உருப்படிகள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்கு முன் பெட்டியில் விழுந்திருந்த முந்நூறு சொச்சத்தைப் பிரிக்கவில்லை. பிரித்தால் லாட் லேட்டாகும், ஏன் முன்பே பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். ரிப்போர்ட்டில் ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டேன்.

பத்தாவது நாள் வாடிக்கையாளரின் லைன் நின்றது. ஷாஃப்ட் புஷ்ஷில் ஏறவில்லை. மூன்று நாள் அவர்கள் யார்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு புஷ்ஷாகக் கேஜ் போட்டுப் பிரித்தேன். அவர்கள் பையன்கள் டீ குடிக்கப் போகும்போது என்னைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஆறு மாதத்துக்கு எங்கள் லாட் எதுவும் நூறு சதவீதப் பரிசோதனை இல்லாமல் உள்ளே போகவில்லை. எங்கள் மேனேஜர் என்னைவிட இருபது வயது சின்னவர். கோபப்படவில்லை. “நாலு மணிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு மணி நேரம் லேட். அவ்வளவுதானே அண்ணே?” என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த மனநிலையில்தான் 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனேன். லயன்-முத்து ஸ்டாலில் கம்பேக் ஸ்பெஷல். தலை நரைத்த ஆட்கள் குழந்தைகளைப் போலக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து ரூபாய் சாணித்தாள் புத்தகம் போட்டவர் நூறு ரூபாய்க்கு நல்ல காகிதத்தில் போடுகிறார். ஒருவரும் விலையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. அந்த வருஷமே ‘நியூ லுக் ஸ்பெஷல்’ என்று லக்கி லூக் முழு வண்ணத்தில் வந்தார். முத்து காமிக்ஸில் ‘என் பெயர் லார்கோ’ வந்தது. அடுத்த ஜனவரியில் 400 ரூபாய்க்கு ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’. பிறகு சந்தா கட்டினால் சிவகாசியிலிருந்து மாதாமாதம் கூரியரில் வீட்டுக்கே வர ஆரம்பித்தது.

காமிக்ஸ் உலகத்துக்கு 2012 சந்தோஷம் மட்டுமே கொண்டுவந்த வருஷம் அல்ல. 2012 மார்ச் 10-ம் தேதி பாரிஸில் மோபியஸ் என்கிற ஜான் ஜிரோ காலமானார். புளூபெர்ரி என்ற நாயகனை நம் ஆட்களுக்குக் கேப்டன் டைகர் என்றால்தான் தெரியும். அந்த டைகரை வரைந்த கை அது. டைகரின் ‘மின்னும் மரணம்’ தமிழில் முழுத் தொகுப்பாக, வண்ணத்தில், ஆயிரம் ரூபாய்க்கு 2015-ல் வந்தபோது பார்க்க அவர் இல்லை. அதே 2012 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஓவியர் ஜோ குபெர்ட் போனார். டெக்ஸ் வில்லர் கதை ஒன்றை வரைந்தவர். இரும்புக்கை மாயாவிக்கு அந்த வருஷம் ஐம்பது வயது. ஸ்பைடர்மேனுக்கும் ஐம்பதுதான். எங்கள் பக்கமும் அது சாதாரண வருஷம் இல்லை. ஏப்ரலில் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை திறந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் புது டீக்கடைகள் முளைத்தன.

கம்பேக் ஸ்பெஷலை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷத் தாமதத்துக்குப் பிறகும் இந்த வாசகர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்? கதை நல்ல கதை என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது. அவர்களிடம் யாரும் ‘ஓகே’ என்று பொய்க் கையெழுத்துப் போட்டுக் காட்டவில்லை. தாமதம் தாமதம் என்றே சொல்லப்பட்டது. வாசகனுக்குக் கணக்குத் தெரியும், அதனால் மறுபடியும் காசு கொடுத்தான். என் வாடிக்கையாளருக்கு நான் கணக்கை மறைத்தேன். அதனால் அவர் ஆறு மாதம் என் பெட்டியை நம்பவில்லை.

ராமானுஜர் பிறந்த ஊர் எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்தான். மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். சொன்னால் நரகம் என்று தெரிந்தே சொன்னாராம். நாம் கோபுரம் ஏற வேண்டாம். சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டால் போதும். கிடைப்பது நரகம் இல்லை, மெமோ. அதற்கே நமக்கு நாக்கு எழவில்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். தப்பு நடந்த நிமிஷத்தில் அது சின்னது. அதன் விலை இரண்டு மணி நேரம், ஒரு திட்டு, ஒரு மெமோ. மறைத்த நாளிலிருந்து அதற்கு வட்டி ஓடும். பத்து நாளில் அது மூன்று நாள் கொட்டகையாகும், ஆறு மாத அவநம்பிக்கையாகும். கந்துவட்டிக்காரனிடமாவது பேரம் பேசலாம், இதனிடம் பேச முடியாது. இது தொழிற்சாலைக்கு மட்டும் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடனுக்கும், தோற்ற பரீட்சைக்கும், டாக்டர் சொன்னதைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல் வைத்திருக்கும் சர்க்கரை வியாதிக்கும் இதே கணக்குதான்.

பையன் எதுவும் பேசவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் கத்துகிறார்கள் என்பது இவன் “சரிங்க சார், சரிங்க சார்” என்று சொன்னதிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை காலை இரண்டு கிரேட்டையும் ஸ்டோரிலிருந்து எடுத்து ஸ்டிக்கரை மாற்றினார்களாம். மெமோவும் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். காட்டிவிட்டு, இரும்புக்கை மாயாவியைப் படிக்க எடுத்துக்கொண்டு போனான்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஸ்டிக்கர் மாறிய கிரேட் ஒன்று எங்கேயாவது இருக்கும். லாரி இன்னும் கேட்டைத் தாண்டவில்லை என்றால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.