தட்டிப் பார்த்துத் துடை

வடாலா, மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அப்பா மைக் செட் வைத்திருந்த காலத்தில் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போன ரிக்கார்டுப் பெட்டி இன்னும் பரணில் கிடந்ததா! சந்தோஷம். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் கழுவிப் போடப் போறேன்" என்கிறாயே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இதைப் படித்துவிட்டுக் கை வை.

போன மழையில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். இங்கே ஜூன் பிறந்தால் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்புகூடப் பூசணம் பூக்கும். அப்பா எனக்குக் கொடுத்த 78 ஆர்.பி.எம். ரிக்கார்டுத் தட்டிலும் பூத்துவிட்டது. மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காய்ந்ததும் பார்த்தால் தட்டு மினுமினுப்புப் போய்ச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பாட்டையே துடைத்து எடுத்திருக்கிறேன்!

78 தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போடுவார்கள். அது தெரிந்தும் எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை. எல்.பி. வேறு ரகம், வினைல் பிளாஸ்டிக். 1948-இல் அமெரிக்காவில் வந்தது. ஆகவே முதலில் பிரித்து வை. லேபிளில் 78, 45, 33⅓ என்று வேகம் போட்டிருக்கும். இல்லாவிட்டால் விளிம்பை விரலால் மெதுவாகச் சுண்டு. ஓடு மாதிரி கணீரென்றால் அரக்கு. வளைத்து மட்டும் பார்க்காதே, உடைந்துவிடும்.

வினைலைக் கழுவ மெஷின் வாங்கினால் பத்தாயிரக்கணக்கில் ஆகும். எனக்கு 500 ரூபாய்க்குள் முடிந்தது. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. ஆல்கஹாலை இங்கே லாமிங்டன் ரோட்டில் வாங்கினேன். உன் ஊரில் மொபைல் ரிப்பேர் கடையில் "ஐ.பி.ஏ." என்று கேள், தெரியும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்தால் உப்புப் படிந்து கரகரக்கும்.

லேபிளில் அப்பா மையால் எழுதிய நம்பர் இருக்கிறதே, அது கரைந்துவிடக் கூடாது. அதன்மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்துக்கொள். மைக்ரோஃபைபர் துணியை இந்தக் கலவையில் நனைத்துப் பிழிந்து, தட்டு சுற்றும் போக்கிலேயே துடை. ஒரு பக்கத்துக்கு ஒரே பள்ளம்தான், சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. குறுக்கே தேய்த்தால் கீறும். பிறகு வெறும் பேட்டரி தண்ணீரில் இன்னொரு துணியால் ஒருமுறை துடைத்து, சாப்பாட்டுத் தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி வை. வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். பழைய உறையில் தூசி இருக்கும், புது உள் உறை போடு.

போன மாதம் சோர் பஜாரில் எம்.எஸ். சுப்ரபாதம் எல்.பி. வாங்கினேன். துடைக்கும் முன் கடலை வறுக்கிற சத்தம். இரண்டு முறை துடைத்தபின் எம்.எஸ். அம்மாவின் குரல் தெளிந்து வந்தது. ஒரு இடத்தில் மட்டும் டக், டக் என்கிறது. கீறலுக்கு எந்தத் தண்ணீரும் மருந்தில்லை.

78 தட்டுகளை உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டி, நிமிர்த்தி வைத்தால் போதும். மிச்சத்தைப் பொங்கலுக்கு வரும்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை ஸ்பிரிட் பாட்டிலை அந்த 78 தட்டுகள் பக்கம் கொண்டு போகாதே.

அன்புடன்,
அக்கா