ஒரு குப்பியின் சாட்சியம்

மது அருந்துவது பெரும் பாவம் என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால், அருந்தாத ஒருவரை அருந்தியவர் என்று சொல்வதும் பாவமே என்பதைப் பெரியவர்களே சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

மதுப்பழக்கத்திலிருந்து சிகிச்சை பெற்று மீண்ட என் பழைய மாணவர் ஒருவரின் தாயார், "ஹஜ்ரத், மகனுக்கு வாரந்தோறும் சிறுநீர்ச் சோதனை செய்யலாமா?" என்று கேட்டார். கலைப் பட்டதாரியான நான் மருத்துவர்களிடம் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இச்சோதனையில் நன்மை உண்டு. ஊசி குத்த வேண்டியதில்லை. மூச்சுச் சோதனையில் சில மணி நேரத்தில் மறைந்துவிடும் தடயம் இதில் நீடிக்கும். கல்லீரல் மதுவை மாற்றி உண்டாக்கும் 'எத்தில் குளுக்குரோனைடு' என்ற பொருள் சிறுநீரில் 2, 3 நாள்கள் வரை தங்குவதே காரணம். மீண்டு வருபவருக்கு இது ஒரு வேலி. "நான் தொடவில்லை" என்ற அவரது சொல்லுக்குத் துணையும் ஆகும்.

குறைகளும் உண்டு. எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்பதை இது திட்டமாகக் கூறாது. மிகுதியாக நீர் பருகினால் தடயம் மங்கும். பிறர் சிறுநீரைக் கொடுத்து ஏமாற்றவும் இயலும். அதைத் தடுக்க அருகில் ஆள் நின்றாலோ வெட்க உணர்வு புண்படும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சர்க்கரை நோயாளியின் சிறுநீர் குப்பியிலேயே நொதித்து, குடிக்காதவரிடமும் மது இருப்பதாகக் காட்டக்கூடும். கைகளில் தடவும் கிருமிநாசினியும், மது கலந்த இருமல் மருந்தும், வாய் கொப்பளிக்கும் மருந்தும்கூட நுண்ணிய சோதனையில் தடயம் காட்டலாம். அமெரிக்காவில் மருத்துவர், செவிலியர் ஆகியோரின் தொழில் உரிமமே இச்சோதனையை நம்பியிருந்த நிலையில், இதன் முடிவை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறை அமைப்பு 2006இல் எச்சரித்தது.

ஆகவே, மகனின் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள் என்று அத்தாயிடம் கூறினேன். முடிவு பாதகமாக வந்தால் மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவது கடமை. அதற்கு முன் அச்செய்தி அண்டை வீட்டுக்கோ ஜமாஅத்துக்கோ செல்லலாகாது.

வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்தலையும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுத்துள்ளது. திருந்தி வருபவரைக் காக்கவே சோதனை. அவரைக் காட்டிக்கொடுக்க அன்று.