புரட்சி என்ற பெயரில்

1988ஆம் வருஷம் ஜூலை 6ஆம் தேதி இரவு, மெக்ஸிகோ ஜனாதிபதித் தேர்தலின் வாக்கு விவரங்கள் உள்துறை அமைச்சகத்தின் கணினிகளுக்கு வந்துகொண்டிருக்கையில், ஆரம்ப நிலவரம் எதிரணி வேட்பாளர் குவாடெமோக் கார்டெனாஸுக்கு அனுகூலமாயிருக்கக் கண்டதும், கணினி முடங்கிவிட்டதாகக் காரணம் சொல்லி முடிவுகளை நிறுத்திவைத்தார்கள். ஒரு வாரம் சென்றபின், ஆளுங்கட்சியின் கார்லோஸ் சாலினாஸ் 50 சதவீதத்துக்குச் சற்று மேலே பெற்று ஜயித்ததாகப் பிரகடனம் வந்தது. சாட்சியமாக எஞ்சியிருந்த வாக்குச்சீட்டு மூட்டைகளோ, சில வருஷங்களுக்குப் பிறகு, பாராளுமன்றத்தின் சம்மதத்துடனேயே அக்கினிக்கு இரையாயின. வலதுசாரி எதிர்க்கட்சியும் அதற்குக் கைதூக்கியது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1929 முதல் ஆண்டுவந்த அந்த ஆளுங்கட்சி, ஆரம்பத்திலிருந்தே தன் பெயரிலேயே புரட்சியைத் தாங்கி நின்றது. 1938இல் அந்நியக் கம்பெனிகளின் எண்ணெய்க் கிணறுகளை தேசவுடைமையாக்கிய லாஸாரோ கார்டெனாஸ் அதன் தலைவர்களில் ஒருவர். அவருடைய புதல்வரிடமிருந்துதான் 1988இல் வெற்றி பறிக்கப்பட்டது என்பது என் திடமான அபிப்பிராயம். அதே புரட்சியின் பெயரால் சாலினாஸ் பாங்குகளையும் தொலைபேசியையும் தனியாருக்கு விற்றார். கிராமத்தாரின் பொது நிலங்களை விற்பனைக்குத் திறந்துவிடும்படி 1992இல் அரசியல் சாசனத்தையே திருத்தினார்.

அந்த இரவில் உள்துறை மந்திரியாகவும் தேர்தல் கமிஷன் தலைவராகவும் இருந்த மானுவல் பார்ட்லெட்டை, முப்பது வருஷங்களுக்குப் பின் இடதுசாரி அரசாங்கம் ஒன்று மின்சார வாரியத்தின் தலைமைப் பதவியில் அமர்த்தியபோது, அன்று வரிசையில் நின்று வாக்களித்த குடியானவர்களை எண்ணி என் நெஞ்சு கொதித்தது.